கேளுங்க, அக்கா சொல்றேன்: எட்டே முக்காலுக்கு உள்ள வந்துரணும்

கேள்வி: வணக்கம் அக்கா. என் பொண்ணு கிரேட் 10. யூனிஃபார்ம் துவைக்க எடுத்தப்ப பாக்கெட்ல ஒரு பேப்பர், அவ கையெழுத்துல இங்கிலீஷ் கவிதை. முன்வாசல்லயே இருந்து சலிச்சுப் போச்சாம், கெட்ட பொம்பளையா ஆனாலும் பரவால்லயாம், கறுப்பு லேஸ் ஸ்டாக்கிங்ஸ் மாட்டிக்கிட்டு மூஞ்சில பெயிண்ட் பூசி தெருவுல நடக்கணுமாம். ரெண்டு நாளா எனக்கு சோறு எறங்கல, அவ அப்பாகிட்டயும் காட்டல. கேட்டா ஸ்பீச் காம்படிஷனுக்காம், உம்லாசில இருக்கற கறுப்பின ஃப்ரெண்டோட சேந்து சொல்லப்போறாளாம், "கறுப்புப் பொண்ணுங்க கவிதைம்மா"ங்கறா. விடலாமா?
– ஒரு அம்மா, சாட்ஸ்வர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

தங்கச்சி, மொதல்ல சாப்பிடு. அது உன் பொண்ணு எழுதினதே இல்ல! க்வெண்டலின் ப்ரூக்ஸ்னு சிகாகோவுல வளந்த அம்மா, 1945ல வந்த அவங்க மொத தொகுப்புல இருக்கற கவிதை அது. 1950ல புலிட்சர் பரிசு வாங்கினாங்க, கறுப்பினத்துல அத வாங்கின மொத ஆளு அவங்கதான். பரிசு கெடச்ச புக்கும் ஒரு பொண்ணு சின்னப்புள்ளைல இருந்து பொம்பளையாகற கதைதான், கவிதையாவே.

நீ ஸ்டாக்கிங்ஸ்லயே நின்னுட்ட, அதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாக்கல. அந்தப் பொண்ணு பொறந்ததுல இருந்து முன்வாசல்லயே வளந்தவ, ரோஜா பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு, கொல்லைப்பக்கம் யாரும் கவனிக்காம களை மண்டிக் கெடக்கே அத ஒரு தடவ எட்டிப் பாக்கணும், பின்சந்துல ஏழப் புள்ளைங்க ஆடுதுங்களே அதுங்களோட ஆடணும், அவ்வளவுதான் ஆச. அந்தப் புள்ளைங்க எட்டே முக்காலுக்கு வீட்டுக்குள்ள வர வேண்டாமேன்னு ஒரு பொறாம வேற. பாரு, சரியா எட்டே முக்கால்! நம்ம வீட்லயும் மணி சொல்லித்தானே அனுப்புவாங்க. அம்மாக்காரி அந்தப் பக்கத்துப் பொண்ணு உருப்படாம போவா, அந்தப் பையன் ஜெயிலுக்குப் போவான்னு ஏளனமா பேசறா, பொண்ணோ, அதனால என்னங்கறா.

எனக்கு சடங்கு பண்ணப்ப பின் ரூம்ல பாயப் போட்டு உக்கார வெச்சு, காலைல பச்ச முட்டையும் நல்லெண்ணெயும் குடுப்பா எங்க ஆயா, வாய மூடிக்கிட்டு முழுங்கணும். ஜன்னல்ல பாத்தா நேத்து வரைக்கும் என்கூட ஆடின பசங்க ரோட்ல கிரிக்கெட் ஆடறானுங்க. முட்டைய விட அதுதான் தொண்டைல நின்னுச்சு. சங்கப் பாட்டுல இதுக்குப் பேரே இருக்கு, இற்செறிப்பு, பொண்ணு வளந்துட்டான்னு வீட்டுக்குள்ள வெச்சுக் காக்கறது. ஊர் பேசறதுக்கும் அலர்னு ஒரு பேரு. அந்தப் பாட்டெல்லாம் பரிச்சைக்குப் படிக்க விடுவோம், சிகாகோ பொண்ணு சொன்னா மட்டும் சோறு எறங்காதாக்கும்.

விடு. நீ சமையல் ரூம்ல வெங்காயம் அரியும்போது உன் முன்னாடி ஒரு தடவ சொல்லிக் காட்டச் சொல்லு. காம்படிஷன் முடிஞ்சு டாக்சி புடிச்சு எத்தன மணிக்கு வருவான்னு மட்டும் கேட்டுக்க.

கேள்வி: நம்ம புள்ளைங்களுக்கு பாரதியார் இருக்கையில அமெரிக்கா கறுப்பர் கவிதை எதுக்கு?
– ஒரு தாத்தா, பீனிக்ஸ், டர்பன்

பாரதியார் எங்கயும் போயிரல தாத்தா, ரெண்டும் படிக்கட்டும். ஆனா அது உங்க கதையும்தான். சிகாகோவுல கறுப்பருக்கு வீடு விக்கக்கூடாதுன்னு பத்திரத்துலயே எழுதி வெச்சிருந்தாங்க, அத கோர்ட்டு மூலமா அமல்படுத்த முடியாதுன்னு அங்க சுப்ரீம் கோர்ட் சொன்னது 1948. வேற எடத்துல வீடு கெடைக்காம, ஒரு வீட்டத் துண்டு துண்டாத் தடுத்து ஆளுக்கொரு ரூம், எல்லாருக்கும் ஒரே பாத்ரூம். ப்ரூக்ஸோட இன்னொரு கவிதைல கனவப் பத்தி யோசிக்க ஆரம்பிக்கறாங்க, அதுக்குள்ள வெங்காய நாத்தம், உருளக்கிழங்கு பொரியற வாசன, நடையில குப்ப, அஞ்சாம் நம்பர் ரூம்காரங்க பாத்ரூம விட்டு வந்தாச்சு, வெதுவெதுன்னு தண்ணியாச்சும் கெடைக்குமான்னு ஓடணும், கனவு அங்கயே நிக்குது. இங்க தென்னாப்பிரிக்காவுல 1950ல இனத்துக்கு ஒரு பகுதின்னு பிரிக்கற குரூப் ஏரியாஸ் சட்டம் வந்துச்சு, நம்ம இந்திய ஆளுங்களக் கெளப்பி சாட்ஸ்வர்த்ல கொண்டு வந்து போட்டாங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல, அவங்க பட்ட அடி வேற. ஆனா நிறவெறிய எதுத்துப் போராடின ஸ்டீவ் பீகோ ஆளுங்க "கறுப்பர்"னு சொன்னப்ப இந்தியரையும் சேத்துத்தான் சொன்னாங்க, நம்மதான் அத வசதியா மறந்துட்டோம்.

கேள்வி: அக்கா எனக்கு 16, நானும் கவித எழுதறேன். ரூம்ல நாங்க மூணு பேர், எழுத எடமே இல்ல. என்ன பண்றது?
– பேர் வேணாம், டர்பன்

செல்லம், ஹாமர்ஸ்டேல் தெரியும்ல, மாரிட்ஸ்பர்க் போற வழியில? அங்க பொறந்தவங்க கிசீனா ம்லோபே (பேர்ல நாக்க சொடுக்கற சத்தம் ஒண்ணு இருக்கு, நம்ம எழுத்துல அதுக்கு வழியில்ல). அவங்க சொந்த அனுபவத்த வெச்சு ஒரு கதை எழுதிருக்காங்க. கதைல வர்ற பொண்ணோட அக்கா ஜோஹானஸ்பர்க்ல ஒரு வெள்ளக்கார வீட்ல வேல பாக்கறா, அந்த வேலக்காரி ரூம்ல தங்கச்சி திருட்டுத்தனமா தங்கியிருக்கா, சத்தம் வரக்கூடாது, அப்ப இருந்த நிறவெறிச் சட்டம் அப்படி. விடியறதுக்கு முன்னாடியே வெளிய போயிரணும். வேலைக்குப் போற நேரம் வர்ற வரைக்கும் பார்க்ல இருக்கற பப்ளிக் டாய்லெட்டுக்குள்ள போய் கதவ சாத்திக்குவா, மழ நனையாது, அங்கதான் நோட்டுப் புத்தகத்த எடுத்து எழுதுவா. ஒரு நாள் போனா கதவு பூட்டிருக்கு. இழுத்துப் பாக்கறா, தெறக்கல. வெளிய இருந்த பெஞ்சுல உக்காந்து எழுதறா.