உபுண்டு போட்ட லப்டொப்பில் திரை அடிக்கடி உறைந்துவிடுகிறது. கிராபிக்ஸ் காட் பழுதா?

கேட்டவர் சொல்வது இவ்வளவுதான்: என்விடியா காட் உள்ள லப்டொப், உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்). நாளுக்கு இரண்டு தரமாவது திரை அப்படியே நின்றுவிடுகிறது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் விடிவு. இரண்டு தரம் அழித்துப் புதிதாகப் போட்டும் சரிவரவில்லை. கடையில் மதர்போர்டையே மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

மதர்போர்டுக்குக் காசைக் கொடுக்க முன்னம் ஒரு கிழமை பொறுங்கள். இதே கூத்தை நானும் ஆடியவன். என் லப்டொப்பில் இன்டெல் கிராபிக்ஸும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050உம் சேர்ந்து இருக்கின்றன. உறையத் தொடங்கியதும் நான் செய்த முதல் வேலை, இணையத்தில் கிடைத்த வைத்தியம் எல்லாவற்றையும் ஒரே இரவில் செய்து பார்த்தது. கேர்னலுக்கு (இயங்குதளத்தின் கரு) ஐந்து கட்டளைகள், வேறு ட்ரைவர் (காட்டை இயக்கும் மென்பொருள்), வேறு டெஸ்க்டொப். நாலு நாள் சுகம். ஐந்தாம் நாள் திரும்ப உறைந்தது. எது உதவியது, எது கெடுத்தது என்று சொல்ல ஏலாத நிலை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு பழைய சீஆர் கொப்பியை எடுத்தேன்.

கொப்பியில் எழுதியது இரண்டே விஷயம்: எத்தனை மணிக்கு உறைந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். கடைக் கடன் கணக்கு மாதிரி இருக்கிறதே என்று அம்மா சிரித்தார். இருக்கட்டும். பத்து நாளில் ஏழு தரம் உறைந்திருந்தது. வீடியோ ரெண்டர் ஓடி விசிறி அலறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருமுறைகூட இல்லை. ஐந்து தரம், நான் தேத்தண்ணி போட எழும்பிப் போய்த் திரும்பி வந்தபோது. மற்ற இரண்டும் சார்ஜரைக் கழற்றிய கையோடு.

அதுவரைக்கும் சூடுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். நினைக்காமல் என்ன செய்வது? எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர மரைன் டிரைவ் பக்கம். ஜன்னல் கம்பியெல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிடக்கிறது, மத்தியானத்தில் அறைக்குள்ளேயே 30 பாகைக்கு மேல். ஆனால் சூட்டால் விழுகிற காட் வேலை கூடும்போது விழ வேண்டும். இது சும்மா இருக்கும்போது விழுகிறது.

பிறகுதான் கணினி தன் பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவைத் திறந்தேன். முதலிலேயே திறந்திருக்க வேண்டும். உறைந்து, திரும்ப ஏற்றிய உடனே டெர்மினலில் ‘ஜேர்னல்சிடிஎல் -கே -பி -1’ என்று அடியுங்கள் (ஆங்கில எழுத்தில்தான்: journalctl -k -b -1). போன தரம் ஏற்றியபோது கேர்னல் எழுதிவைத்த செய்திகள் வரும். கடைசிப் பக்கத்துக்குப் போய் ‘எக்ஸ்ஐடி’ (Xid) என்ற சொல்லைத் தேடுங்கள். என்விடியா ட்ரைவர் தன் பிழைகளை அந்தப் பெயரில் ஓர் இலக்கத்தோடு எழுதும். என்னுடையதில் இருந்தது 79: ‘ஜிபியு ஹாஸ் ஃபாலன் ஆஃப் த பஸ்’. காட் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டதாம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கிப் போனவனுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இங்கே பஸ் என்பது காட்டையும் மதர்போர்டையும் இணைக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை. கேர்னல் கூப்பிடுகிறது, காட்டிடமிருந்து மறுமொழி இல்லை.

இந்த 79ஐப் பார்த்ததும் ‘காட் செத்துவிட்டது’ என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். சாகலாம்தான். ஆனால் சூடு, மின்சாரம் போதாமை, தூங்கப் போன காட் எழும்பாமை, எல்லாவற்றுக்கும் இதே 79தான் வரும். எது என்று பிரித்துச் சொன்னது பதிவு அல்ல, கொப்பி.

லப்டொப்பில் பற்றரியை மிச்சம் பிடிக்க, வேலை இல்லாத நேரத்தில் என்விடியா காட்டின் மின்சாரத்தை ட்ரைவர் முழுதாக நிறுத்திவிடும். ஆர்டிஎக்ஸ் 30ஆம் வரிசையிலிருந்து வந்த லப்டொப் காட்களில் இது சாதாரணமாகவே இயங்குகிறது. நிறுத்துவது சுகம், திரும்ப எழுப்புவதில்தான் சிக்கல். ட்ரைவர், கேர்னல், பயோஸ் (லப்டொப்பை முதலில் எழுப்பும் மதர்போர்ட் மென்பொருள்) மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று பிசகினாலும் காட் எழும்பாது. நான் தேத்தண்ணியோடு திரும்பி வந்து மவுஸைத் தொட்ட நொடி அதுதான்.

சோதித்துப் பார்க்க எந்தக் கோப்பையும் மாற்ற வேண்டாம். லப்டொப் ஏறும்போது எஸ்கேப்பைத் தட்டினால் கிரப் பட்டியல் (எதை ஏற்றுவது என்று தெரிவுசெய்யும் திரை) வரும். உபுண்டு என்ற வரியில் நின்று ‘ஈ’ (e) எழுத்தை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘என்விடியா.என்விரெக்_டைனமிக்பவர்மனேஜ்மென்ட்=0x00’ (nvidia.NVreg_DynamicPowerManagement=0x00) என்று சேர்த்து எஃப்10ஐ அழுத்துங்கள். அந்த ஒரு தரத்துக்கு மட்டும் காட் தூங்காது. அடுத்த தரம் ஏற்றினால் பழையபடி. ஐந்து வைத்தியத்தை நிரந்தரமாக எழுதிவிட்டு முழித்த எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எனக்கு அதோடு நின்றது. மூன்று கிழமை பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக எழுதினேன். பற்றரி ஐந்து மணித்தியாலம் தாங்கியது இப்போது மூன்றரைதான் தாங்குகிறது. நான் அநேகமாக மேசையில் சார்ஜரோடு வேலை செய்கிறவன், பரவாயில்லை. பிறகு பயோஸுக்குப் புதுப் பதிப்பு வந்ததும் அந்த வரியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் ஒருமுறை உறைந்தது. திரும்பப் போட்டுவிட்டேன்.

உங்கள் கொப்பி வேறு கதை சொல்லலாம். விளையாடும்போதோ ரெண்டரிலோ விழுந்தால் டெர்மினலில் ‘என்விடியா-எஸ்எம்ஐ’யை (nvidia-smi, காட்டின் நிலையைக் காட்டும் கருவி) திறந்து வைத்துச் சூட்டைக் கவனியுங்கள். விசிறிக்குள் தூசி அடைத்திருப்பதே பாதிக் காரணம், கழற்றித் துடைத்தால் போதும். அப்டேட் செய்த நாளிலிருந்துதான் தொல்லை என்றால் கிரப்பில் பழைய கேர்னலைத் தெரிவுசெய்து ஏற்றிப் பாருங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளை ஏறவிடாத பயோஸ் பூட்டு) போட்டிருப்பவர்களுக்கு ட்ரைவரே ஏறாமல் போவதும் உண்டு, அதில் திரை உறைவதைவிட இழுபடுவதுதான் அதிகம். பதிவில் எக்ஸ்ஐடியே இல்லாமல் ‘ஐ915’ (i915, இன்டெல் கிராபிக்ஸ் ட்ரைவர்) என்று சிவப்பாக வந்தால் பிழை இன்டெல் பக்கம். ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’ (i915.enable_psr=0) என்பதை அதே கிரப் முறையில் ஒருதரம் போட்டுப் பாருங்கள்.

உறைந்ததும் பவர் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள். அப்படி அணைத்தால் நமக்கு வேண்டிய கடைசி வரிகள் வட்டில் எழுதப்படாமலே போய்விடும். ஆல்ட் (Alt) விசையையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்தபடி எஸ், யு, பி (S, U, B) என்று ஆறுதலாக, ஒவ்வொன்றாக அழுத்துங்கள். வட்டில் எழுதி, பூட்டி, திரும்ப ஏற்றும். சில லப்டொப்களில் எஃப்என் விசையும் சேர வேண்டும். இன்னொன்று, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சேர்வரை (வேறு கருவியிலிருந்து கணினிக்குள் நுழைய விடும் மென்பொருள்) இப்போதே போட்டு வையுங்கள். அடுத்த தரம் உறையும்போது போனிலிருந்து அதே வைஃபையில் உள்ளே போக முடிந்தால், கணினி உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் செத்திருக்கிறது. அப்போது அங்கிருந்தே பதிவைப் படிக்கலாம்.

என்விடியாவைத் திட்டுவது நமக்குப் புதிதில்லை. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையில் வைத்தே என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். 2022 மே மாதம் என்விடியா தன் ட்ரைவரின் கேர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. உபுண்டுவில் அது ‘ஓப்பன்’ என்ற வாலோடு தனி ட்ரைவராகக் கிடைக்கும். உங்களுடையது 16ஆம், 20ஆம் வரிசைக் காட் அல்லது அதற்குப் பிந்தியது என்றால் அதையும் ஒரு கிழமை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும்.

இனி மதர்போர்ட். லப்டொப்பில் காட் அதோடு சேர்த்தே ஒட்டியிருப்பதால்தான் கடையில் அப்படிச் சொல்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் டெர்மினலில் ‘ப்ரைம்-செலெக்ட் இன்டெல்’ (prime-select intel) என்று கொடுத்து, என்விடியாவை ஒதுக்கிவிட்டு ஒரு கிழமை ஓட்டுங்கள். (எச்டிஎம்ஐ வேலை செய்யாமல் போகலாம், பல லப்டொப்களில் அந்தத் துளை என்விடியாவோடுதான் இணைந்திருக்கும்.) அப்போதும் உறைந்தால் பழியை என்விடியாமேல் போட முடியாது. உறையாவிட்டால் கிரப் சோதனைக்கு வாருங்கள். உபுண்டு ஏறவே முன்னம், பயோஸ் திரையிலேயே கோடு கோடாகத் தெரிந்தால் மட்டும் மினக்கெட வேண்டாம், கடைக்கே கொண்டுபோங்கள். அது எதுவும் இல்லையென்றால் எக்ஸ்ஐடி வரியையும், உறைந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள், பார்க்கிறேன்.