எலிப் பல்லும் மனித வயதும்: அட்டாபுவெர்கா கேள்வி பதில்

ஸ்பெயினின் பூர்கோஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள அட்டாபுவெர்கா குகைகளில் கிடைத்த சிறு பாலூட்டிகள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகள்.

கே: அரிசி அளவுப் பல்லை எப்படித் தேடுகிறார்கள்?

ப: தோண்டிய மண்ணை மூட்டை கட்டி அர்லான்சோன் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், சல்லடைகளில் தண்ணீர் பீய்ச்சி அலசுகிறார்கள். தங்குவதைக் காயவைத்து, லென்சுக்கு அடியில் இடுக்கியால் பொறுக்குவார்கள். மூட்டைச் சீட்டில் எந்த அடுக்கு என்று எழுதியிருக்க வேண்டும். சீட்டு தொலைந்தால் பல் கிடைத்தும் பயனில்லை.

கே: குகைக்குள் இத்தனை எலி எப்படி வந்தது?

ப: பெரும்பாலும் ஆந்தை வேலை. முழுசாக விழுங்கிவிட்டு எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கும். வயிற்று அமிலம் அரித்த தடம் பல் எனாமலில் தெரியும்.

கே: கார்பன் சோதனை செய்தார்களா?

ப: அது சுமார் 50,000 ஆண்டு வரைதான். இங்கே பேச்சு லட்சங்களில்.

கே: மூஞ்சூறும் எலிதானே?

ப: இல்லை, அது கொறித்துண்ணியே அல்ல. இங்கே கிடைத்த பெரெமெண்டியா என்ற மூஞ்சூற்றின் கீழ் வெட்டுப்பல்லில் விஷம் இறங்க ஒரு பள்ளம் உண்டு!

கே: எலியை வைத்து மனிதனின் வயதைச் சொல்வது சரியா?

ப: நல்ல கேள்வி. மிமோமிஸ் சவினி என்ற நீர் எலிக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் உண்டு. அதன் வழிவந்த ஆர்விகோலாவுக்கு வேர் இல்லை, பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எனவே மிமோமிஸ் கிடைக்கும் அடுக்கு பழையது. 1994-இல் இரண்டு டச்சு ஆய்வாளர்கள், ஐரோப்பாவில் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் வாழ்ந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்று வாதிட்டார்கள். அவர்களில் ஒருவர் இந்த எலிகளிலேயே வல்லுநர். அதே ஆண்டு இங்குள்ள கிரான் டோலினா என்ற குகையின் ஆறாம் அடுக்கில் (எண்ணிக்கை கீழிருந்து மேலே) மனித எலும்புகள் வந்தன, கூடவே மிமோமிஸும். அதாவது அந்த மனிதரும் பழைய காலத்தவர்.

கே: எலி ஓர் ஊரில் முன்னும் இன்னோர் ஊரில் பின்னும் மாறியிருக்கலாமே? எலியை வைத்து அடுக்கின் வயது, அடுக்கை வைத்து எலியின் வயது என்றால் இது வட்டமடிக்கும் வாதம்.

ப: ஆட்சேபம் நியாயம்தான். எலி முன்பின் வரிசையை மட்டுமே சொல்லும், ஆண்டைச் சொல்லாது. ஆண்டுக்கு மண்ணின் காந்தம் வேண்டும்; மண் படியும்போது பூமியின் காந்தத் திசை அதில் பதிந்துவிடும். பூமியின் காந்தத் திசை கடைசியாகத் தலைகீழானது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். அந்த மாற்றம் ஏழாம் அடுக்கில் பதிந்திருப்பதை 1995-இல் காட்டினார்கள். மனிதர்கள் கிடந்தது அதற்குக் கீழே. எலியைத் தொடாமலே வந்த முடிவு அது, அப்புறம் வட்டம் எங்கே?

கே: கார்பன் போட்டால் சண்டையே தீருமே?

ப: மேலே பாருங்கள்.

கே: என்னிடம் ஒரு பல் இருக்கிறது, விலை என்ன?

ப: விலை சொல்ல மாட்டேன். எந்த அடுக்கில் எடுத்தீர்கள்?