கான் அடைப்பும் நகரத் திட்டமும்: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி: மழை பெய்தால் எங்கள் ஒழுங்கைக் கான் நிரம்பி வழிகிறது. வட்டார வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது அக்கா. வேறு வழி?

பதில்: குழுவில் போட்ட படத்துக்கு முறைப்பாட்டு இலக்கமும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை. பிரித்தானியாவில் 2007இல் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற முறைப்பாட்டு இணையத்தளம் வந்தது. வரைபடத்தில் இடத்தைக் காட்டி எழுதினால், முறைப்பாடு அந்தப் பகுதிச் சபைக்குப் போய்ச் சேரும். எல்லோரும் பார்க்கும்படி தளத்திலும் நிற்கும். திருத்தினார்களா என்று அயலவர் எல்லோரும் கவனிக்கலாம். அந்த வேலையை நீங்கள் கையாலேயே செய்யலாம். போனில் லொகேஷனைப் போட்டுவிட்டுப் படம் எடுங்கள், பக்கத்து வீட்டுக் கதவிலக்கமும் படத்தில் விழட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் இட விவரம் அழிந்துவிடும். டொகியுமென்டாக அனுப்பினால் அப்படியே இருக்கும். அப்புறம் மாநகர சபைக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: மென்பொருள் துறையில் இருக்கிறேன். கொழும்பு மக்கள் யோசனை சொல்ல ஒரு செயலி எழுதட்டுமா?

பதில்: புதிதாக எழுத வேண்டாம். பார்சிலோனா 2016இல் தொடங்கிய டெசிடிமும் மட்ரிட்டின் கொன்சுலும் மக்கள் யோசனை சொல்வதற்கென்றே எழுதிய திறந்த மூல மென்பொருட்கள், யாரும் எடுத்து நிறுவலாம். ஒரு யோசனையை ஏற்றார்களா, மறுத்தார்களா, ஏன் என்று சபை அதன் கீழேயே பதில் எழுத டெசிடிமில் இடம் உண்டு. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான். அந்தப் பதிலை எழுத இங்கே ஓர் உத்தியோகத்தரை நியமிப்பார்களா என்று முதலில் போய்க் கேளுங்கள், தம்பி. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் 1989இல் நகரப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று மக்களும் சேர்ந்து முடிவெடுக்கும் பங்கேற்புப் பாதீடு தொடங்கியபோது செயலி ஏது? மக்கள் கூடிப் பேசினார்கள், நகராட்சி கேட்டது.

மட்டக்குளியிலிருந்து ஒருவர்: எங்கள் பகுதிக்கான திட்ட ஆவணத்தைத் தமிழில் எழுதிக் கேட்கலாமா?

பதில்: தாராளமாக. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை. கையில் கிடைப்பது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருந்தால், ‘வடிகான்’ என்று தேடினால் ஒன்றும் வராது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு மகள்: அம்மாவிடம் பட்டன் போன்தான். அவர் எப்படிக் கருத்துச் சொல்வார்?

பதில்: ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் உங்கள் தோட்டத்து வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து அவர் முன்னால் விரியுங்கள். போன மழைக்குத் தண்ணீர் யார் வீட்டுப் படிவரை வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். பேனாவை அவர் கையில் கொடுங்கள். அவர் குறித்ததை நீங்கள் இணையத்தில் ஏற்றுங்கள்.