பித்தப் பிரகிருதிக்காரர்களுக்கென்று தனி ஆன்மிகப் பாதை இருக்கிறதா?

நீங்கள் கேட்டது இது: ஆன்லைனில் ஏதோ ஒரு கேள்வித்தாளை நிரப்பியதில் உங்களுக்குப் பித்தப் பிரகிருதி, அதாவது பிறவியிலேயே பித்தம் தூக்கலான உடல்வாகு, என்று வந்திருக்கிறது. கூடவே பித்தக்காரர்களுக்கு இன்ன மந்திரம், இன்ன தெய்வம் என்றும், வாத உடம்புக்காரர்கள் பிறவியிலேயே ஆன்மிகவாதிகள், கபக்காரர்களுக்கு அதெல்லாம் லேட்டாகத்தான் வரும் என்றும் எழுதியிருந்ததாம். ஆயுர்வேதத்தில் உண்மையிலேயே இப்படி இருக்கிறதா?

நான் வைத்தியர் இல்லை. தண்டையார்பேட்டைக்காரன், வீட்டில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர்கள் உண்டு, அந்த வழியில் இந்த நூல்களை மொழிபெயர்ப்பில் படித்துப் பழக்கம். எனக்குத் தெரிந்தவரை உடம்பின் பிரகிருதியை வைத்து ஆன்மிகத்துக்கு மார்க் போடும் வேலையைப் பழைய நூல்கள் செய்யவே இல்லை. மனசுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் கேள்வித்தாள்காரர் இரண்டையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டிவிட்டார்.

முதலில் அந்த "வாதக்காரர்கள் ஆன்மிகவாதிகள்" கதை. 7-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்த அஷ்டாங்க ஹிருதயம் என்கிற ஆயுர்வேத நூல் ஆரம்ப அத்தியாயத்திலேயே தெளிவாகச் சொல்கிறது: வாதப் பிரகிருதி கீழ், பித்தம் நடு, கபம் மேல், மூன்றும் சமமாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகரும் கபக்காரனைத்தான் கல்வி உள்ளவன், சாந்தமானவன், ஆயுசு உள்ளவன் என்று புகழ்கிறார். வாதக்காரனுக்குப் பலமும் குறைவு, ஆயுசும் குறைவு. சட்டென்று பிடித்துக்கொள்வான், சட்டென்று மறந்தும் போவான். அப்படிப் பார்த்தால் கேள்வித்தாள் தலைகீழாக இருக்கிறது. ஆனால் இந்த மேல் கீழ் எல்லாம் உடம்பின் தாங்கும் சக்தியைப் பற்றியது, மோட்சத்துக்கான க்யூ இல்லை. இன்னொரு இடத்தில் சரகர், வாதம், பித்தம், கபம் என்கிற மூன்று தோஷங்களில் ஒரே ஒன்று தூக்கலாகப் பிறந்தவர்கள் எப்போதும் நோய்க்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள் என்கிறார். இன்றைக்கு ஆட்கள் "நான் பித்தா, நான் வாதா" என்று ராசி மாதிரிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதைக் கேட்டால் அவர் என்ன நினைப்பாரோ.

இப்போது மனசுக் கணக்குக்கு வரலாம். உடம்பைக் கெடுப்பவை வாதம், பித்தம், கபம். மனசைக் கெடுப்பவை ரஜஸ் (பரபரப்பு, ஆசை), தமஸ் (மந்தம், மயக்கம்). சத்துவம், அதாவது மனசின் தெளிவு, இந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அது கெடுப்பதில்லை. இந்த மூன்று குணங்களை வைத்துச் சரகரும், இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுஸ்ருதரும் மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கிறார்கள், சத்துவத்தில் 7, ரஜஸில் 6, தமஸில் 3. இந்தச் சத்துவ வகைகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ரிஷி மாதிரி ஆட்கள் உண்டு, சரி. அப்புறம் குபேர வகை வருகிறது, பணம் சேர்க்கத் தெரிந்தவன், பொறுமைசாலி, நடுநிலையானவன். காந்தர்வ வகை வருகிறது, பாட்டு, ஆட்டம், பூ, வாசனை என்று அலைபவன். இவர்களும் சத்துவம்தான்! எங்கள் பக்கம் சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடி அழுகிற வீட்டைத் தேற்றிவிட்டுப் போகிறவரை எந்தத் தியான வகுப்பும் சாத்விகர் என்று சொல்லாது, சுஸ்ருதரின் பட்டியலில் அவருக்கு இடம் இருக்கலாம். தமஸில் மரத்தைப் போன்றவன் என்று ஒரு வகை, ஒரே இடத்தில் கிடப்பான், சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. கையில் போனோடு சோபாவில் கிடக்கும் என் மச்சானை நினைத்துக்கொண்டேன், அவர் இதைப் படிக்க மாட்டார் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

இதில் வாத உடம்பு, காந்தர்வ மனசு என்றும் ஒருவர் இருக்கலாம், கப உடம்பு, அசுர மனசு என்றும் இருக்கலாம். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்ல முடியாது.

கனவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வாதக்காரன் கனவில் ஆகாயத்தில் பறப்பான். பித்தக்காரனுக்குப் பொன், தீ, மின்னல், எரிகொள்ளி, பலாச மரத்தின் சிவப்புப் பூக்கள் தெரியும். கபக்காரன் தாமரைக் குளம், அன்னம் பார்ப்பான் என்று சுஸ்ருதர் எழுதி வைத்திருக்கிறார். ராயபுரத்தில் ஒரு தியான வகுப்பில் ஒருவர் தூக்கத்தில் பொன்னிற ஜோதி வந்தது என்று சொல்ல, எல்லோரும் கை கூப்பினார்கள், குண்டலினி எழுந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள். சுஸ்ருதர் அங்கே உட்கார்ந்திருந்தால் இரவு என்ன சாப்பிட்டாய், வயிறு எரிகிறதா என்றுதான் கேட்டிருப்பார்.

அப்படியென்றால் பிரகிருதிக்கும் ஆன்மிகத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். விரதம், தியானம் மாதிரி எந்த ஆன்மிகப் பயிற்சியை நாம் எவ்வளவு தாங்குவோம் என்பதில். விரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பித்த உடம்பின் ஜீரணத் தீ கூர்மையானது, பசி தாங்காது. என் அம்மா புரட்டாசி சனிக்கிழமை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் பெருமாளுக்கு விரதம் இருப்பார், பதினோரு மணிக்கு மேல் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது, தளிகை போடுவதற்குள் எல்லோருக்கும் திட்டு விழுந்துவிடும். அதே விரதத்தை என் பெரியம்மா சிரித்துக்கொண்டே இருப்பார், கப உடம்பு, பட்டினி அவருக்கு உண்மையிலேயே மருந்து. இதில் பக்தி யாருக்கு அதிகம் என்று கேட்டால் என்ன சொல்வது? வாத உடம்புக்கோ பட்டினியும் கண் விழிப்பும் இன்னும் மோசம், சிவராத்திரிக்கு மறுநாள் தலை சுற்றிப் படபடவென்று வருகிற ஆட்கள் பெரும்பாலும் அவர்கள்தான் என்பது என் அனுமானம்.

மீன் சாப்பிட்டால் தமஸ் ஏறும், ஆகையால் காசிமேட்டுக்காரர்களுக்கு ஆன்மிகம் வராது என்று சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் இது. சரகரின் நூலில் உணவுப் பொருள்களின் குணம் சொல்லும் அத்தியாயத்தில் மாமிசத்துக்குத் தனிப் பிரிவே உண்டு, மீனும் அதில் வருகிறது. உணவைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என்று பிரித்துச் சொல்லும் கீதையின் 17-ஆம் அத்தியாயம்கூட மாமிசத்தின் பெயரை எடுக்கவில்லை. ராஜசத்தில் அது சொல்வது அதிகக் காரம், அதிகப் புளிப்பு, அதிக உப்பு. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு மாங்காய் ஊறுகாய்தான் முதலில் மாட்டும். நாயன்மார்களில் அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர், பிடித்த மீனில் ஒன்றைத் தினமும் சிவனுக்கென்று கடலில் விட்டவர். கலிய நாயனார் எங்கள் திருவொற்றியூரில் செக்கு ஆட்டியவர், எண்ணெய்க்குக் காசில்லாதபோது தன் ரத்தத்தை ஊற்றி விளக்கெரிக்கத் துணிந்தார். இவர்களுக்கு யார் பிரகிருதி பார்த்தார்கள்?

மனசின் கோளாறுக்கு மருந்து என்று அஷ்டாங்க ஹிருதயம் சொல்வது மூன்று: புத்தி, தைரியம், ஆத்மாவைப் பற்றிய அறிவு. அங்கே பித்தனுக்கு ஒன்று, வாதனுக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: தெய்வத்தை மாற்ற வேண்டாம், வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்களோ அதுவே இருக்கட்டும், காசு கொடுத்து மந்திரமும் வாங்க வேண்டாம். நேரத்தை மட்டும் பாருங்கள். பித்தத்துக்கு நடுப்பகலும் நள்ளிரவும் ஏறும் நேரம், அதனால் விடிகாலையில் உட்காருங்கள், மே மாத மத்தியானத்தில் மொட்டை மாடி ஷீட்டுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். விரதம் இருக்க ஆசைப்பட்டால் முழுப் பட்டினிக்குப் பதில் பால், பழம், அல்லது ஆடியில் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கேழ்வரகுக் கூழ். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் அதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.