வாரியர் விதின்: துரோகம் எந்த மூலத்துக்கு?

கேள்வி: 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' வரிசையில் 2004-இல் வந்த 'வாரியர் விதின்' கேமை அண்மையில் மறுபடியும் விளையாடி முடித்தேன். அதற்கு முந்தைய 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஒரு கவிதை என்றும், இது ரத்தமும் இரைச்சலும் கலந்த வியாபாரம், மூலப் படைப்புக்கே துரோகம் என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ இதுதான் பிடித்திருக்கிறது. என் ரசனையில் கோளாறா?
(வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் ரசனைக்கு நற்சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் துரோகம் என்று குற்றம் சாட்டுபவர்களைச் சந்தித்தால், எந்த மூலத்துக்குத் துரோகம் என்று ஒரு கேள்வி கேட்டுவையுங்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இளவரசன் 2003-இல்தான் பிறந்தான். அவன் உண்மையில் பிறந்தது 1989-இல், ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய விளையாட்டில். அதை ஒருமுறையாவது முழுதாக ஆடியவர்கள், 'வாரியர் விதின்' அந்தப் பழைய கேமிடமிருந்து விலகிப் போனது என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

அந்த முதல் விளையாட்டில் நேரம்தான் எதிரி. சிறையிலிருந்து தப்பி, மேலே ஏறி, வில்லன் ஜாஃபரைக் கொன்று இளவரசியை மீட்க உங்களுக்குத் தரப்படுவது 60 நிமிடம். நீங்கள் செத்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. இன்னொரு எதிரி உங்கள் நிழல். வழியை மறித்து நிற்கும் கண்ணாடியை ஓடித் தாவி உடைத்துக்கொண்டு போனால், உள்ளிருந்து உங்களைப் போலவே ஒருவன் வெளியே வருவான்; அடுத்த லெவலில் நீங்கள் குடிக்க வேண்டிய மருந்தை அவன் குடித்துவிட்டுப் போவான்; அதற்கடுத்ததில் நீங்கள் தாவும் நேரம் பார்த்துக் கதவை மூடிப் பள்ளத்தில் விழவைப்பான். கடைசியில் அவனுடன் வாள் சண்டை போட்டால் அவன் மீது விழும் ஒவ்வொரு வெட்டும் உங்கள் உயிரைத்தான் குறைக்கும். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒருவராகிவிடுவீர்கள். ஒரு வரி வசனமும் இல்லாமல் இதைச் சொல்லி முடித்த விளையாட்டு அது.

2003-இல் யூபிசாஃப்டின் மாண்ட்ரியல் கூடம், மெக்னரையே கதை எழுதவைத்து 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கொண்டுவந்தபோது, நேரம் எதிரி என்ற நிலை மாறி, இளவரசனின் கைப்பொருளாகிவிட்டது. கால் தவறிப் பள்ளத்தில் விழுந்தால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், விழுந்த உடம்பு மேலேறி வந்து பழைய விளிம்பில் நிற்கும். செத்துப்போனாலும், கதை சொல்லிக்கொண்டிருக்கும் இளவரசனே குறுக்கிட்டு, 'இல்லை, அப்படி நடக்கவில்லை' என்று தன்னைத் திருத்திக்கொள்வான். தாவியும் ஏறியும் கடக்கும் பிளாட்ஃபார்ம் விளையாட்டுகளின் கொடுமையான பழக்கங்களை இவ்வளவு நயமாக நீக்கிய கேம் அதற்கு முன் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் புகழில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்கப் போவதில்லை. ஆனால் மூலத்திலிருந்து பெரிதாக விலகிப் போனது இந்தக் கேம்தான். அதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் நன்றாக இருந்தது.

'வாரியர் விதின்' அந்தச் சலுகைக்கெல்லாம் கணக்குக் கேட்கிறது. காலத்தைத் திருப்பும் சக்தி கொண்ட 'காலத்தின் மணலை'த் திறந்துவிட்டவன் சாக வேண்டும் என்பது விதி. இளவரசனோ காலத்தைப் பின்னுக்குத் திருப்பித் தப்பித்துக்கொண்டான். ஆகவே கால ஒழுங்கின் காவலனான தஹாக்கா ஏழு ஆண்டுகளாக அவனைத் துரத்துகிறது. மணல் உருவாவதையே தடுத்துவிடலாம் என்று அவன் காலத் தீவுக்குக் கப்பலேறுகிறான். இரண்டாம் பாகம் எடுப்பதற்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான காரணத்தை நான் அதிகம் கண்டதில்லை. முதல் பாகமான 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேமை முடித்தவர்கள் செய்த காரியமே இங்கே குற்றப்பத்திரிகையாகத் திரும்பி வருகிறது.

தஹாக்கா வரும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் நிறம் வற்றும். கரிய உருவத்திலிருந்து கைகள் போல நீளும் கொடிகள் உங்கள் முதுகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அந்த நிலையில் சுவரில் ஓடி, தொங்கும் கயிற்றைப் பற்றி அந்த ஓட்டத்தை நீட்டி, கம்பத்துக்குத் தாவி, திரைச்சீலையில் வாளைச் செருகிச் சறுக்கி இறங்கி, கடைசியில் ஒரு நீர்த்திரைக்குப் பின்னால் போய் விழ வேண்டும். தண்ணீரைத் தஹாக்காவால் கடக்க முடியாது. முதல் பாகத்தில் நின்று, கேமராவைச் சுழற்றி, வழியைப் பார்த்துத் தீர்க்க வேண்டிய புதிர்களாக இருந்த அதே அசைவுகள், இங்கே யோசிக்க நேரமில்லாமல் கையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. 60 நிமிடக் கடிகாரத்துக்குக் காலும் கொம்பும் முளைத்து வந்தது போல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நிழலும் திரும்பி வருகிறது. விளையாட்டின் முற்பகுதியில் உங்களை மறைந்திருந்து கவனிக்கும் ஒரு கரிய உருவத்தைக் காண்பீர்கள். உங்கள் கண்ணெதிரே தஹாக்கா அதை இழுத்துக்கொண்டு போகும். வெகுநேரம் கழித்து, மந்திர முகமூடி அணிந்து காலத்தில் பின்னோக்கிப் போகும்போது, அந்த உருவம் நீங்களேதான் என்று தெரியவரும். அந்த வடிவத்தில், காலத்தைத் திருப்பச் செலவாகும் மணல் தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும், உயிரோ மெல்ல வடிந்துகொண்டே இருக்கும். அதனால் நிற்கவும் மனம் வராது. முன்பு பார்த்த அதே கணம் மறுபக்கத்திலிருந்து திரும்ப வரும்போது, தஹாக்காவிடம் சிக்குவது மற்றொரு 'நீங்கள்' ஆகும்படி செய்துவிட்டுத் தப்புகிறீர்கள். 1989-இன் இளவரசன் நிழலோடு சேர்வதற்கு வாளை உறையில் போட்டான். 2004-இன் இளவரசன் தன் இன்னோர் உருவைப் பலிகொடுத்துப் பிழைக்கிறான். இரண்டாமவன் கெட்டவன் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இனி உங்கள் நண்பர்கள் பக்கம். அவர்கள் எரிச்சலடைவதில் நியாயமே இல்லை என்று சொன்னால் அது பொய். சண்டைக்கு நடுவே காட்ஸ்மாக் என்ற ராக் குழுவின் கிட்டார் இரைச்சல் எந்தப் பாரசீகத்துக்கும் பொருந்தவில்லை. தன்னையே கேலி செய்துகொள்ளத் தெரிந்த பழைய இளவரசன் போய், வாயைத் திறந்தால் உறுமலும் வசையும் மட்டும் வரும் ஒருவன் வந்திருக்கிறான். குரல் கொடுத்த நடிகரும் வேறு. ஃபாரா என்ற பெண்ணுக்கு முதல் பாகத்தில் அறிவும் வாதமும் இருந்தன. இங்கே ஷாடி என்ற எதிரி வீராங்கனை அறிமுகமாகும்போது கேமரா எங்கே போகிறது என்று பார்த்தால், யாரைக் குறிவைத்து இதைச் செய்தார்கள் என்பது விளங்கிவிடும். மெக்னர் இதில் பங்கேற்கவில்லை. இதன் தோற்றமும் வன்முறையும் தனக்கு உவப்பில்லை என்பதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் 'ரத்தம்' என்று ஒதுக்கும் அதே சண்டைதான் முதல் பாகத்தின் மிகப் பலவீனமான அங்கமாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே விழுந்தவனைக் குறுவாளால் குத்துவதற்குள் அடுத்த கூட்டம் முளைத்துவிடும். இங்கே இடது கையில் எதிரியின் ஆயுதத்தைப் பறித்து, அது உடையும் முன் இன்னொருவன் மீது எறிந்து, தூணைப் பற்றிச் சுழன்று நான்கு பேரை வெட்டலாம்.

இந்தக் கேமின் உண்மையான குறையை உங்கள் நண்பர்கள் தொடவே இல்லை. தீவின் நிகழ்காலச் சிதிலத்துக்கும் கடந்தகால முழுமைக்கும் இடையே போய்வரும் அமைப்பு அழகானதுதான். ஆனால் அரியணை மண்டபக் கதவைத் திறப்பதற்காக இரண்டு கோபுரங்களின் பொறிகளையும் இயக்கிய பிறகும், அதே படிக்கட்டுகளில் அதே ஆட்களோடு மறுபடி மறுபடி மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வழியைச் சொல்ல வேண்டிய வரைபடம் பெயருக்குத்தான் இருக்கிறது. வெளிவந்த காலத்திலேயே கோளாறுகள் பற்றிப் புகார் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கதையின் சரியான முடிவை ஒளித்துவைத்துவிட்டார்கள். பொறிகள் நிறைந்த தனிப் பாதைகளின் கோடியில் இருக்கும், உயிர் அளவைக் கூட்டும் 9 உயிர் நீட்சிகளையும் சேர்த்தவர்களுக்கே நீர்வாள் கிடைக்கும். அது இருந்தால்தான் இறுதியில் தஹாக்காவோடு மோதி, காலத்தின் பேரரசியான கைலீனாவைக் காப்பாற்ற முடியும். இல்லாதவர்கள் அவளோடு மோத வேண்டும், முடிவில் தஹாக்கா அவளைக் கொண்டுபோய்விடும். 2005-இல் வந்த 'தி டூ த்ரோன்ஸ்' எந்த முடிவிலிருந்து தொடங்குகிறது தெரியுமா? கைலீனா உயிரோடு இளவரசனுடன் பாபிலோனுக்குக் கப்பலில் வருவதிலிருந்து. ஒன்றிரண்டு மூலைகளைத் தவறவிட்டவர்களின் இருபது மணி நேர உழைப்பை அடுத்த பாகம் செல்லாது என்று தள்ளிவிடுகிறது. தவறைத் திருத்தவே முடியாது என்பதைக் கதையாக்கிய கேம் இப்படிச் செய்தது பொருத்தம்தான் என்று வாதிடுபவர்களும் இருக்கலாம். எனக்கு அது விளையாடுபவரின் நேரத்தை மதியாத செயலாகவே படுகிறது.

ஆகவே நீங்கள் எந்த முடிவைக் கண்டீர்கள் என்று எழுதுங்கள். கைலீனாவைக் கொண்டு போகவிட்டிருந்தால், மூன்றாம் பாகத்தைத் தொடும் முன் அந்த 9 பாதைகளையும் தேடி இன்னொரு முறை ஆடுங்கள்; பாட்டின் சத்தத்தை அமைப்புகளில் குறைத்துவிட்டு ஆடினால் தஹாக்காவின் காலடி இன்னும் தெளிவாகக் கேட்கும்.