கஸ்ஸாலி தத்துவத்தை முழுசாக மறுத்தாரா?

இல்லை. இஸ்லாமிய இறையியலாளரான கஸ்ஸாலி 1095-ல் முடித்த 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'வில் (தத்துவவாதிகளின் தடுமாற்றம்) எடுத்துக்கொண்டது தத்துவவாதிகளின் 20 வாதங்களை. குறி பெரும்பாலும் அரிஸ்டாட்டில் வழிவந்த தத்துவவாதி இப்னு சீனா. அவற்றில் 17 பிழை, ஆனால் மார்க்கத்தை விட்டு வெளியேற்றாது என்றார். குஃப்ர் (இறைமறுப்பு) என்று தீர்ப்பளித்தது மூன்றுக்கு மட்டும்: உலகம் அநாதியானது, இறைவன் தனித்தனி நிகழ்வுகளைப் பொதுவிதி வழியாகவே அறிகிறான், உடலோடு மறுமையில் எழுப்பப்படுவது கிடையாது.

தர்க்கத்தை அவர் தாக்கவே இல்லை. பின்னாளில் சட்டக்கோட்பாட்டு நூலான 'முஸ்தஸ்ஃபா'வுக்கு முன்னுரையாகவே அதை வைத்தார். கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்குத்தான் கெடுதல் செய்கிறான் என்றும் எழுதினார். இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சுவாரசியமான இடம் 17-ஆம் வாதம். பஞ்சில் நெருப்புப் பட்டால் பஞ்சு கருகுகிறது. நம் கண் பார்ப்பது என்ன? நெருப்புப் பட்டதும் கருகியது, அவ்வளவே. நெருப்பால்தான் கருகியது என்பதைக் கண் பார்க்கவில்லை. கருகச் செய்பவன் இறைவன். இரண்டும் சேர்ந்தே வருவது அவன் வகுத்த வழமை என்கிறார். அற்புதங்களுக்கு இடம் வேண்டுமே!

ஏறத்தாழ 1180-ல் ஸ்பெயினின் குர்துபாவைச் சேர்ந்த தத்துவவாதி இப்னு ருஷ்து பதிலடி கொடுத்தார்: நெருப்புக்கென்று சுடும் இயல்பு இல்லையென்றால் அதை நெருப்பு என்று எதை வைத்து அழைப்பது? காரணத்தை மறுத்தால் அறிவே மிஞ்சாது. எனக்கு இந்த இடத்தில் இப்னு ருஷ்து பக்கமே வலுவாகத் தெரிகிறது. ஆனால் அவர் கஸ்ஸாலியைச் சாடுவதோடு நிறுத்தவில்லை. அரிஸ்டாட்டிலைக் குழப்பியதாக இப்னு சீனாவையும் சேர்த்தே சாடுகிறார்.