எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 காட்டுகிறது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை!

(அமெச்சூர் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கு, வீட்டிலேயே கட்டும் கம்பி ஆன்டெனாக்கள் பற்றிய கேள்விகள் இந்த முறை. எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ஆன்டெனா பக்கம் அனுப்பிய பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை.)

கேள்வி: சார், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் (நடுவில் கேபிள் இணையும், இரண்டு கைகள் கொண்ட கம்பி ஆன்டெனா) கட்டினேன். சூத்திரப்படி அளந்து வெட்டியும் ரெசனன்ஸ் (கம்பி இயல்பாக ஒத்திசையும் அதிர்வெண்) 6.85-இல் போய் நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பே இல்லை. நீளம் கூடிப்போவது நல்லது, குறைந்துபோனால்தான் தலைவலி. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும், உங்களுக்கு 20.14. ஆனால் அந்தக் கணக்கு உறையில்லாத கம்பிக்கு. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி என்றால் இரண்டிலிருந்து ஐந்து சதவீதம் குறைவாகவே போதும், தரைக்குப் பக்கத்தில் கட்டினால் ரெசனன்ஸ் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும்.

இப்போது 20.14-ஐ 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுங்கள்: 19.43. அதாவது 71 சென்டிமீட்டர் அதிகம், பக்கத்துக்கு 35. உடனே கட்டிங் பிளேயரை எடுக்காதீர்கள். முதலில் பக்கத்துக்கு 30 சென்டிமீட்டரை மடித்து, அதே கம்பியோடு ஒட்டி முறுக்கிவிட்டு, மேலே ஏற்றி மறுபடி பாருங்கள். நான் ஒருமுறை இருட்டில் ஒரே பக்கத்தை இரண்டு தடவை வெட்டிவிட்டு, மீட்டரைத்தான் அரைமணி நேரம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கேள்வி: என் 40 மீட்டர் பேண்ட் (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல் மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எஸ்.டபிள்யூ.ஆர். 1.1. நண்பருடையது 1.8, ஆனால் அவர் சிக்னல்தான் தூரத்தில் கேட்கிறது. எப்படி?

பதில்: எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் சொல்வது ஒன்றே ஒன்று: போன பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது. போனது எங்கே போனது என்று அதற்குத் தெரியாது. டம்மி லோடில் (பவரை வெறும் சூடாக்கி விழுங்கும் மின்தடையில்) 1.0 காட்டும், அதை வைத்து யாரிடமாவது பேச முடியுமா? நண்பரின் 1.8-இல் திரும்புவது சுமார் எட்டு சதவீதம், அரை டெசிபல்கூட இல்லை. அந்த வித்தியாசம் எந்தக் காதுக்கும் எட்டாது.

40 மீட்டர் பேண்டில் அரை அலைநீளம் 20 மீட்டர். மூன்று மீட்டரில் கட்டிய கம்பி பெரும்பாலும் நேராக வானத்தைப் பார்த்துத்தான் வீசும், அது அயனமண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டருக்குள் விழுந்துவிடும். போதாக்குறைக்குத் தரை வேறு ஒரு பங்கைச் சூடாக்கித் தின்கிறது. அந்த இழப்புதான் ஆன்டெனாவின் இம்பிடன்ஸோடு (மின் எதிர்ப்போடு) சேர்ந்து உங்கள் மீட்டரை 1.1-க்குக் கொண்டுவந்திருக்க வாய்ப்பு அதிகம். கேபிளும் இதே வேலையைச் செய்யும்: 3 டெசிபல் விழுங்குகிற கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும், ரேடியோ பக்கம் சுமார் 3 என்றுதான் காட்டும். நடுப்பகுதியையாவது மேலே தூக்கி, இரண்டு கைகளையும் சரிவாக இறக்கிப் பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். கொஞ்சம் கெட்டாலும் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: டைபோல், எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் ஊட்டும் கம்பி) இரண்டும் கட்டிப் பார்த்தேன். ரேடியோவின் சிக்னல் அளவு காட்டும் எஸ் மீட்டரில் நேற்று டைபோலில் எஸ் 7, இன்று அதே நிலையம் எண்ட்-ஃபெட்டில் எஸ் 9. அப்போ எண்ட்-ஃபெட்தானே ஜெயித்தது?

பதில்: நேற்றைய வானமும் இன்றைய வானமும் ஒன்றா? நேற்று வேண்டாம், ஒரே நிமிடத்தில் சிக்னல் இரண்டு மூன்று எஸ் ஏறி இறங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் மேலே இருக்க வேண்டும், நடுவில் ஒரு கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) ஸ்விட்ச், இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கேட்டு எழுதுங்கள், ஒரு நிலையத்தோடு நிறுத்தாமல் பக்கத்து நிலையம், தூரத்து நிலையம் என்று தனித்தனியாக. பக்கத்தில் ஒன்று ஜெயிக்கும், தூரத்தில் மற்றது ஜெயிக்கும், அதுவும் சகஜம். இரண்டு கம்பியும் ஒன்றை ஒன்று ஒட்டி இணையாக ஓடக் கூடாது, ஒன்றின் வேலையில் மற்றது மூக்கை நுழைக்கும்.

அப்புறம் அந்த எஸ் மீட்டர். ஒரு எஸ் என்றால் 6 டெசிபல் என்பது வழக்கம், பல செட்டுகள் அதை மதிப்பதில்லை. அதைவிட முக்கியம், சிக்னல் இல்லாத இடத்தில் மீட்டர் எங்கே நிற்கிறது என்பது. எண்ட்-ஃபெட்டில் சிக்னல் 9, இரைச்சல் 6 என்றும், டைபோலில் சிக்னல் 7, இரைச்சல் 3 என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவது சத்தமாக இருக்கும், ஆனால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் பேச்சு நன்றாகப் புரிவது இரண்டாவதில்தான். இது கேட்பதற்கான கணக்கு. அனுப்பும்போது யாருடைய சிக்னல் அதிகமாகப் போய்ச் சேருகிறது என்பது வேறு கணக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அனுப்புவதை ஒப்பிட என்னைக் கேட்டால் டபிள்யூ.எஸ்.பி.ஆர். என்ற மென்பொருள் போதும். ஜோ டெய்லர் 2008-இல் வெளியிட்டது, 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கிய அதே டெய்லர்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் அழைப்புக்குறி, இருப்பிடம், பவர் மூன்றையும் மெதுவாக அனுப்பும், எங்கெங்கோ கேட்பவர்கள் சிக்னல்-இரைச்சல் விகிதத்தைத் தானாகப் பதிவு செய்வார்கள். ஒரு முறை டைபோல், அடுத்த முறை எண்ட்-ஃபெட், பவரைத் தொடாமல் ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள். பிறகு இரண்டையும் கேட்ட நிலையங்களை மட்டும் எடுத்துச் சராசரி போடுங்கள். ஒரு தனி எண்ணை நம்பாதீர்கள், நூறு எண்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். (அனுப்ப லைசென்ஸ் வேண்டும், கேட்டிருக்க மாட்டீர்கள் என்றாலும் சொல்லிவைக்கிறேன்.)

கேள்வி: செம்புக் கம்பிதான் வேண்டுமா, ஸ்பீக்கர் ஒயர் போதுமா?

பதில்: போதும். மெல்லிய இரும்புக் கம்பியை மட்டும் தவிருங்கள். மென்செம்பு நாளாக ஆக நீளும், அப்போது ரெசனன்ஸ் கீழே நகரும், அவ்வளவுதான்.

கேள்வி: எண்ட்-ஃபெட்டில் 100 வாட்டில் பேசினால் மைக் உதட்டைச் சுடுகிறது, கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும் உறுமுகிறது.

பதில்: உங்கள் கோஆக்ஸின் வெளிப் பின்னலும் ஆன்டெனாவாகிவிட்டது. எண்ட்-ஃபெட்டின் ஊட்டுமுனையில் இருக்கும் 49:1 டிரான்ஸ்பார்மருக்கு ஒரு எதிர்க்கம்பி (மின்னோட்டம் திரும்ப வழி தரும் துணைக்கம்பி) வேண்டும், நீங்கள் கொடுக்கவில்லை என்றால் அது கேபிளை எடுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு மீட்டர் எதிர்க்கம்பி கட்டி, கேபிள் ரேடியோவை நெருங்கும் இடத்தில் 31 ரகப் பெரிய ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். அதைச் செய்யும்வரை ஒப்பீடு எதுவும் வேண்டாம், கேபிளைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, 100 வாட்டில் கம்பியின் ஊட்டுமுனையில் சுமார் 500 வோல்ட் நிற்கும். கைக்கு எட்டாத இடத்தில் கட்டுங்கள். மின்கம்பி அறுந்து விழுந்தாலும் ஆன்டெனாவின் மேல் படாத இடமாகவும் அது இருக்கட்டும்.

கேள்வி: இரண்டு மழைக்காலம் கடந்த டைபோல். முன்பு 1.7 இருந்த எஸ்.டபிள்யூ.ஆர். இப்போது தானாகவே 1.2 ஆகிவிட்டது. அப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள்! ஆன்டெனாவைத் தொடாமலே எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாகிறது என்றால் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மேல்முனையில் ஒரு சாண் உறையை உரித்துப் பாருங்கள். பின்னல் பளபளவென்று இருந்தால் சரி. கறுத்திருந்தால், பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே வாருங்கள், ஒரு மீட்டர் தாண்டியும் கறுப்பாகவே இருந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள்.